குசினி மேசையும் அறை மேசையும்

சில கிழமைகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், எனக்கும் என் மகளுக்கும் ஒரு சின்னச் சண்டை வந்தது. காரணம் ஒரு மேசை.

அவளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது நானும் கணவரும் ஒரு மேசையைத் தெரிவு செய்ய இரண்டு மாதம் எடுத்தோம். பிள்ளை வளர வளர உயர்த்தக்கூடிய மேசை. எழுதும் பலகையைச் சரிவாக வைக்கலாம். பக்கத்தில் மூன்று இழுப்பறைகள். அவளுடைய அறையில், யன்னல் வெளிச்சம் இடப்பக்கத்தால் விழும்படி அதை வைத்தோம். அவள் வலக்கையால் எழுதுபவள், கையின் நிழல் கொப்பியில் விழக்கூடாது அல்லவா? நான் பொறியியல் படித்தவள். இப்படியான விசயங்களில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு.

இன்றைக்கு அந்த மேசையில் ஒரு லெகோ மிருகக்காட்சிசாலை இருக்கிறது. மகள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வருகிறாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் வந்தாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"உன்ர மேசையில போய் இருந்து செய்."

"ஏன்?"

"அதுதானே வீட்டுப்பாடம் செய்யிற இடம்."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அங்க ஆர் இருக்கினம்?"

என்னிடம் பதில் இல்லை. அங்கே ஒருவரும் இல்லை. அதற்காகத்தானே அந்த அறையைக் கொடுத்தோம்? அவள் கதிரையை இழுத்துக் குசினி மேசையில் இருந்துவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலர் இப்போதும் வீட்டுப்பாடம் செய்யும் வயதில் இருக்கிறீர்கள். சிலர் என்னைப்போல் பிள்ளைகளுக்கு இடம் தேடும் நிலைக்கு வந்துவிட்டீர்கள். இரண்டு பகுதியினருக்கும் சேர்த்தே எங்கள் வீட்டு மேசைகளின் கதையைச் சொல்கிறேன்.

நான் பிறந்தது 1987இல். என் பெற்றோர் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அந்தக் காலத்தில் வந்த பலரைப்போல அவர்களும் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, எஸ்-பான் ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் வந்தார்கள். பிறகு ஹைம் வாழ்க்கை. அதற்குப் பிறகு டோர்ட்முண்ட் நகரின் நோர்ட்ஸ்டாட் பகுதியில் இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள வீடு. அப்பா முதலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு ஒரு வெதுப்பகத்தில் இரவு வேலை. அதனால் பகலில் படுக்கையறை அப்பாவின் நித்திரைக்கு. இருக்கையறையில் ரிவியும், என்னைவிட ஆறு வயது இளைய தம்பியும். மிச்சம் இருந்தது குசினி. வீட்டிலிருந்த ஒரே மேசையும் அங்கேதான் இருந்தது.

பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு போட்ட மேசை. ஒரு பக்கத்தில் நான், மறுபக்கத்தில் அம்மா. அவர் தேங்காய்ப்பூவும் மாவும் குழைப்பார், நான் எழுதுவேன். எனக்கு மேசை உயரம் என்பதால் கதிரையில் இரண்டு தடித்த தொலைபேசிப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார். அப்போது டொச்சில் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் என்னை ஒவ்வொரு நாளும் உரத்து வாசிக்கச் சொல்வார். நான் எங்காவது தடக்கினால், அடுப்பைப் பார்த்தபடியே "திருப்பி வாசி" என்பார். என்ன வாசிக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. தடக்கினேன் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

கணக்கில் அவர் கெட்டிக்காரி. ஆனால் அதில்தான் எங்களுக்குள் சண்டை. இலங்கையில் அம்மா படித்த நெடும் வகுத்தலின் எழுத்துமுறை வேறு. இங்கே 156 : 12 = 13 என்று ஒரே வரியில் தொடங்கி, கீழே இறங்கவேண்டும். "விடை சரிதானே, பிறகென்ன?" என்று அம்மா கேட்பார். "ரீச்சர் வழியையும் பார்ப்பா" என்று நான் அழுவேன். அந்த மேசையில் நான் ஒரே கணக்கை இரண்டு முறையில் செய்யப் பழகினேன். பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தில் அது எனக்கு உதவியது என்று சொன்னால் அம்மா இன்றைக்கும் நம்பமாட்டார்.

இதுவரை கேட்க இனிமையாகத்தான் இருக்கும். மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும்.

குசினி மேசையில் இருக்கும் பிள்ளை எல்லோருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பிள்ளை. தபால் வந்தால் "இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு". மின்சாரக் கட்டணம், வாடகைக் கடிதம், அலுவலகக் கடிதம் எல்லாம் என் கொப்பியின் மேல் வந்து விழும். பத்து வயதில் எனக்கே விளங்காத டொச் சொற்களை அகராதியில் தேடி, அம்மாவுக்கு விளங்கும் தமிழில் சொல்லவேண்டும். பக்கத்துத் தெருவில் இருந்த மாமாமாரும் தங்கள் கடிதங்களோடு வருவார்கள். தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். நான் பாதியில் விட்ட கட்டுரையை இரவு ஒன்பது மணிக்குத் தொடங்குவேன். ஒரு தடவை வகுப்பில் ஒரு பிள்ளை என் கொப்பியை முகர்ந்து பார்த்து, "சாப்பாடு மணக்குது" என்று சிரித்தது. பக்கத்தின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. அன்றையிலிருந்து கொப்பிகளைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தேன்.

அதே காலத்தில்தான் முதல்முறையாக ஒரு ஜேர்மன் சிநேகிதியின் வீட்டுக்குப் போனேன். அவளுக்கென்று ஓர் அறை. அறைக்குள் ஒரு மேசை. மேசையில் வளைக்கக்கூடிய விளக்கு. நான் அந்த விளக்கை அணைத்து ஏற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னேரம் அவளுடைய அம்மா வந்து, வீட்டுப்பாடக் குறிப்புக் கொப்பியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு பிழையைக் காட்டிவிட்டுப் போனார். அதையும் நான் பார்த்தேன். ஆனால் மனதில் பதிந்தது மேசை மட்டும்தான்.

2003 வசந்தகாலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பீசா பரீட்சை நடந்தது. வீட்டில் சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் பீட்சா கொடுக்கிறார்கள் என்றுதான் அப்பா நினைத்தார். பல நாடுகளில் 15 வயது மாணவர்களின் வாசிப்பு, கணிதம், அறிவியல் திறன்களை அளக்கும் பரீட்சை அது. இதன் முதல் சுற்று 2000இல் நடந்து, முடிவுகள் 2001 டிசம்பரில் வந்தபோது ஜேர்மனியே ஆடிப்போனது. வாசிப்பில் நாடுகளின் சராசரி 500 புள்ளி, ஜேர்மனிக்கு 484. அதைவிட வலித்தது வேறொன்று. பெற்றோரின் வேலையும் படிப்பும் பிள்ளையின் மதிப்பெண்ணோடு மிக இறுக்கமாகப் பிணைந்திருந்த நாடுகளில் ஒன்று ஜேர்மனி என்று தெரிந்தது. "பீசா அதிர்ச்சி" என்று பத்திரிகைகள் மாதக்கணக்காக எழுதின.

பரீட்சை முடிந்ததும் ஒரு கேள்விக்கொத்து தந்தார்கள். உன் வீட்டில் இவை இருக்கின்றனவா என்று ஒரு பட்டியல். படிப்பதற்கு ஒரு மேசை. உனக்கென்று ஓர் அறை. படிக்க ஓர் அமைதியான இடம். பாத்திரம் கழுவும் இயந்திரம்கூட அதில் இருந்தது. எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்து சம்பளம் வாங்கியவர் அப்பாதானே என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. அதற்கு "இல்லை" என்று உண்மையாகப் புள்ளடி போட்டேன். மேசைக்கும் அமைதியான இடத்துக்கும் "ஆம்" என்று போட்டேன்.

கேள்விக்கொத்தில் என் பெயரே இல்லை. யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கப்போவதில்லை. இருந்தும் பொய் சொன்னேன். இன்றைக்கு நான் நிறுவனங்களுக்குக் கணினி அமைப்புகளைத் திட்டமிட்டுக் கொடுக்கும் வேலை செய்கிறேன். பிழையான தரவைக் கொடுத்தால் பிழையான விடைதான் வரும் என்று வாடிக்கையாளருக்கு வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வேன். சொல்லும்போதெல்லாம் அந்த இரண்டு புள்ளடிகளும் ஞாபகம் வரும்.

இப்போது யோசித்தால் அந்தக் கேள்வி என்னவென்று விளங்குகிறது. மேசை இருந்தால் பிள்ளை கெட்டிக்காரியாகும் என்று யாரும் சொல்லவில்லை. எந்த வீட்டில் படிப்புக்கு எவ்வளவு இடம் ஒதுக்கமுடிகிறது என்பதை அறிய மேசை ஓர் அடையாளம். காய்ச்சல்மானி காய்ச்சலைக் காட்டும். அதை உடைத்தால் காய்ச்சல் போகாது. மேசையை வாங்கி வைத்தால் மட்டும் அந்த வீட்டில் மற்றவை எல்லாம் வந்துவிடாது. ஆனால் எங்கள் வீட்டில் நாங்கள் எல்லோரும் அதைத் தலைகீழாகத்தான் விளங்கிக்கொண்டோம்.

அந்த வருடக் கோடையில் தம்பிக்குக் கிம்னாசியத்தில் இடம் கிடைத்தது. இங்கே நான்காம் வகுப்பு முடிவிலேயே பிள்ளையின் வழி பிரிந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவும் அப்பாவும் ஒரு முடிவெடுத்தார்கள். "மகளைக் குசினியில வைச்சுப் படிப்பிச்சிட்டம். இவனையாவது ஒழுங்காப் படிப்பிப்பம்." அவர்கள் இருக்கையறைக்குப் படுக்கையை மாற்றினார்கள். படுக்கையறை தம்பிக்கு. புது மேசை, புதுக் கதிரை, வளைக்கக்கூடிய விளக்கு. அப்பா மூன்று மாதம் மேலதிக வேலை செய்து வாங்கியது.

எனக்குப் பதினாறு வயது. நான் குசினியிலேயே இருந்தேன். "நீ எங்கை விட்டாலும் படிப்பாய்" என்று அம்மா சொன்னார். அது பாராட்டா, அநியாயமா என்று இன்றுவரை எனக்கு முடிவில்லை. எங்கள் வீடுகளில் மூத்த பெண்பிள்ளைகளுக்கு இந்த வசனம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

நான் எனக்கொரு இடம் தேடிக்கொண்டேன். டோர்ட்முண்ட் ரயில் நிலையத்துக்கு எதிரே நகர நூலகம் இருக்கிறது. சுவிஸ் கட்டடக்கலைஞர் மாரியோ பொட்டா வடிவமைத்து 1999இல் திறந்த கட்டடம், முன்னால் அரைவட்டமாகக் கண்ணாடி. அங்கே கடிதம் வராது, வெங்காயம் மணக்காது. யாரென்று தெரியாத ஐம்பது பேர் பேசாமல் படித்துக்கொண்டிருப்பார்கள். அபிட்டூர் பரீட்சைக்கு நான் படித்தது அங்கேதான்.

இங்கே தம்பி கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். "படிக்கிறான், குழப்பாதே" என்று அம்மா ரிவியின் சத்தத்தைக் குறைப்பார். அந்த அறைக்கு முன்னால் நாங்கள் கால் விரலில் நடந்தோம். குசினி மேசையில் அம்மா என்னைக் கேட்ட "திருப்பி வாசி" அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போகவேயில்லை.

2006 வசந்தத்தில் நான் அபிட்டூர் எழுதினேன். அந்த மாதங்களில்தான் ஏழாம் வகுப்பில் இருந்த தம்பிக்கு "நீலக் கடிதம்" வந்திருக்கிறது. வகுப்பேற்றம் சந்தேகம் என்று பள்ளிக்கூடம் பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் கடிதம் எங்கள் கைக்கு வரவில்லை. கோடை விடுமுறையில் ஏதோ தேடும்போது புது மேசையின் அடி இழுப்பறையில் கண்டேன். அதோடு, அப்பாவின் கையெழுத்தைப் பழகிப் பார்த்த ஒரு தாளும் இருந்தது. பன்னிரண்டு தடவை எழுதியிருந்தான். நன்றாகத்தான் வந்திருந்தது.

அவன் இரண்டு வருடமாகப் பிரெஞ்சும் கணிதமும் விளங்காமல் அந்த அறைக்குள் தனியே இருந்திருக்கிறான். கேட்க வெட்கம். கேட்டாலும் யாரைக் கேட்பது? வீட்டில் அதைச் சொல்லிக்கொடுக்கக்கூடிய ஒரே ஆள் நான். நானோ நூலகத்தில். அதுவரை எல்லோருடைய கடிதத்தையும் மொழிபெயர்த்த எனக்கு, எங்கள் வீட்டுக்கு வந்த மிக முக்கியமான கடிதம் தெரியாமல் போய்விட்டது.

தம்பி ஏழாம் வகுப்பைத் திரும்பப் படித்தான். பிறகு ரெயால்சூலவுக்கு மாறினான். மின்னியலில் தொழிற்பயிற்சி செய்து, இன்றைக்கு மைஸ்டர் பட்டத்தோடு நன்றாக இருக்கிறான். அவன் தோற்றுப்போனதாக நான் எழுதவில்லை. எந்த வழியில் போனாலும் நல்ல வாழ்க்கை உண்டு. ஆனால் அந்த இரண்டு வருடத் தனிமை தேவையில்லாதது.

எங்கள் வீடுகளில் இந்தப் பேச்சு வந்தால் கட்டாயம் ஜாம் போத்தல் விளக்கும் வரும். "உங்களுக்கு எல்லாம் இருக்கு, ஊரிலை பிள்ளையள் ஜாம் போத்தல் விளக்கிலை படிச்சதுகள்" என்று கேட்காத ஆள் உங்களில் இருக்கிறாரா? 1990இல் போர் திரும்பத் தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் கட்டுப்பாடு. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, மெல்லிய திரியில் எரித்தார்கள். என் மச்சாள் ஒருவர் அப்படிப் படித்தவர். கனடாவில் இருக்கும் அவரிடம் அண்மையில் கேட்டேன். அவர் சொன்னது நான் எதிர்பாராதது: "வெளிச்சம் காணாது, கண் எரியும். ஆனா ஒரு விளக்குத்தானே? எல்லாரும் அதைச் சுத்தித்தான் இருப்பம். ஒருத்தி தூங்கி விழுந்தா மற்றவள் கிள்ளுவாள்." பெரியவர்கள் அந்த விளக்கை எங்களுக்குச் சொல்வது கஷ்டத்தைக் காட்ட. அந்தக் கஷ்டத்தை யாரும் ஆசைப்படத் தேவையில்லை. அந்த விளக்கைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்ல அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே என் முடிவு இதுதான். பிள்ளைக்கு இடம் பார்க்கும்போது மேசையை முதலில் பார்க்கக்கூடாது. எந்தப் பாடம், எந்த வயது, பக்கத்தில் யார் என்பதை முதலில் பார்க்கவேண்டும். வாசிக்கப் பழகும் பிள்ளைக்குக் கேட்கும் காது வேண்டும். பதினாறு வயதில் கட்டுரை எழுதுபவருக்கு மௌனம் வேண்டும். விளங்காத பாடத்தோடு இருக்கும் பன்னிரண்டு வயதுக்காரனுக்கு, சாத்தாத ஒரு கதவு வேண்டும். ஒரே இடம் இவ்வளவையும் தராது.

மேசை முக்கியமில்லை என்றும் நான் சொல்லவில்லை. உடம்புக்கு அது முக்கியம். பள்ளிக்கூடத் தளபாடங்களுக்கு ஐரோப்பிய அளவுமுறை ஒன்று உண்டு. ஏறத்தாழ 119 முதல் 142 சென்டிமீற்றர் உயரமான பிள்ளைக்கு 59 சென்டிமீற்றர் மேசையும் 35 சென்டிமீற்றர் கதிரையும் என்று அது சொல்கிறது. எங்கள் குசினி மேசை 75. என் மகள் 122. அதனால் அவள் தோளைத் தூக்கிக்கொண்டு எழுதினாள், கால்கள் தொங்கின. இதற்கு வழி ஐம்பது வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. பெரியவர்களின் மேசையில் பிள்ளையும் சமமாக இருக்கவேண்டும் என்று நோர்வேயின் பீட்டர் ஒப்ஸ்விக் 1972இல் வடிவமைத்த ட்ரிப் ட்ராப் கதிரை. இருக்கைப் பலகையையும் கால் பலகையையும் பிள்ளையின் அளவுக்கு ஏற்றி இறக்கலாம். பழையது ஒன்றைக் குறைந்த விலையில் வாங்கினோம். அதுவும் வேண்டாமென்றால் ஒரு தலையணையும், காலுக்கு ஒரு முக்காலியும் போதும். முழங்கை மேசை மட்டத்தில், பாதம் ஏதாவதொன்றில் ஊன்றி இருக்கவேண்டும், அவ்வளவுதான். அம்மாவின் தொலைபேசிப் புத்தகங்கள் பாதி சரி, காலைத்தான் மறந்துவிட்டார்.

மேசையே வாங்கமுடியாத வீடுகளும் உண்டு. 2012இல் பெர்லின் சமூக நீதிமன்றம், அரச உதவியில் வாழும் குடும்பத்தின் பள்ளிப்பிள்ளைக்கு எழுதும் மேசை வாங்க ஜொப்சென்டர் பணம் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிள்ளைக்கு மேசை ஆடம்பரம் அல்ல என்று ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த, புதிதாக வந்த குடும்பங்களுக்கு இதைச் சொல்லுங்கள். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

இப்போது நிறையப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைப் பள்ளிக்கூடத்திலேயே முடிக்கிறார்கள். எங்கள் நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலன் மாநிலத்தில் ஆரம்பப் பள்ளிகளில் முழுநாள் பராமரிப்பு 2003இல் தொடங்கியது. 2021இல் வந்த நாடளாவிய சட்டத்தின்படி, 2026 ஆகஸ்ட்டிலிருந்து முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது உரிமை. ஆண்டுக்கொரு வகுப்பாகக் கூடி, 2029/30 கல்வியாண்டில் நான்கு வகுப்புக்கும் வந்துவிடும். இரவு வேலை செய்யும் அப்பாமாரின் பிள்ளைகளுக்கு இது நல்ல செய்தி. எங்கள் மாநிலத்தில் வீட்டுப்பாடத்துக்கு நேர எல்லையும் உண்டு. முதலிரண்டு வகுப்புகளுக்கு நாளுக்கு 30 நிமிடம், மூன்று நான்குக்கு 45. பிள்ளை அதற்குமேல் இழுபட்டால் அது சோம்பல் என்று நினைக்காமல் ஆசிரியருக்குச் சொல்லுங்கள். எனினும் வெள்ளிக்கிழமைப் பாடமும், உரத்து வாசிப்பும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக் கொப்பியும் வீட்டுக்குத்தான் வரும்.

அந்தச் சண்டை நடந்த இரவு தம்பிக்கு அழைத்து, மகள் கேட்டதைச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அக்கா, அப்பா வாங்கித் தந்தது நல்ல மேசைதான். அதில எனக்கு ஒரு குறையும் இல்லை. கதவைத்தான் சாத்தியிருக்கக்கூடாது" என்றான். இருபது வருடத்தில் நாங்கள் இதைப்பற்றிப் பேசியது அதுதான் முதல்முறை. "நானும் கவனிச்சிருக்கவேணும்" என்றேன். "உங்களுக்கு அப்ப பத்தொன்பது வயசு" என்றான். 

அடுத்தநாள், வேலைத்தளத்தில் முதல் நாளே செய்யும் ஒன்றை வீட்டில் செய்தேன். பாவிக்கிற ஆளிடம் கேட்டேன். மகளிடம் தெளிவான பதில் இருந்தது. வாசிப்பும் கணக்கும் குசினியில். கீறுவதும் ஒட்டுவதும் அவளுடைய மேசையில், ஆனால் அந்த மேசை அறைக்குள் வேண்டாம். தமிழ் எழுத்து அம்மம்மாவோடு. ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து, மிருகக்காட்சிசாலையைக் கவனமாக இறக்கி, மேசையை இருக்கையறைச் சுவரோரம் கொண்டுவந்து வைத்தான். குசினிக் கதவைத் திறந்தால் அங்கிருந்து அடுப்பு தெரியும். வெளிச்சம் இடப்பக்கத்தால் வராது. அதற்கு அவன் சுவரில் ஒரு விளக்குப் பூட்டினான். எனக்கும் ஒரு விதி வந்தது: அவள் எழுதும்போது என் கைப்பேசி மற்ற அறையில். பக்கத்தில் இருந்துகொண்டு கைப்பேசியைப் பார்த்தால், அதுவும் சாத்திய கதவுதான்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒன்று. அம்மா அப்பாவின் கடிதங்களை நீங்களும் வாசிப்பவராக இருந்தால், அதற்கென்று ஒரு நேரம் கேளுங்கள். "ஏழு மணிக்கு எல்லாத்தையும் பாப்பம்" என்றால் அவர்கள் கோபிக்கமாட்டார்கள். நான் கேட்கவில்லை, கேட்கலாம் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் இடமில்லாவிட்டால் நூலகம் இருக்கிறது. வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால், ஒருமுறை தட்டுங்கள். படிப்பைப் பற்றிக் கேட்காமல் சும்மா உள்ளே போய் இருங்கள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அம்மா எங்கள் வீட்டுக்கு வருகிறார். போன கிழமை குசினி மேசையில் போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் இருந்து ஒரு டொச் கதையை வாசித்தாள். ஒரு நீண்ட சொல்லில் தடக்கி, மெதுவாக அதைத் தாண்டிப் போகப் பார்த்தாள்.

"திருப்பி வாசி" என்றார் அம்மா, போஞ்சியைப் பார்த்தபடியே.

மகள் நிமிர்ந்தாள். "அம்மம்மா, உங்களுக்கு இந்தச் சொல் தெரியுமோ?"

"தெரியாது. நீ தடக்கினது தெரியும்."

மகள் திருப்பி வாசித்தாள்.